மழைதான் வரைந்தேன்

பதூமியில் அக்டோபர் என்றால் மழைதான்.
அட்டை வரைய வந்த கையெழுத்துப் பிரதியை
மினிபஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன்.
ஒரு படகுக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி,
பாகப்பத்திரத்தைத் தின்றுவிட்ட ஆடு,
அந்த ஆட்டைச் சாட்சிக்கூண்டில் ஏற்றச் சொல்லும் மாமியார்.
துறைமுகத்தில் இறங்க மறந்து
கடைசி நிறுத்தம்வரை சிரித்துக்கொண்டே போனேன்.
முதல் பக்கம் கிழிந்திருந்தது.
எழுதியவர் யாரென்று தெரியாது,
கேட்கவும் தோன்றவில்லை.

கடல்மேல் மழை வரைந்தேன்.
நேர்நேராக, கருநீல மையில், இருபத்துமூன்று கோடு.
கீழே சின்னதாய் ஒரு படகு.

பதிப்பாளர் நானுலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"ஷைனிட்ஸே நாலு வருஷம் உள்ளே இருந்தவர், தெரியுமா?"
தெரியாது.
"கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கு."
ஆக்கினேன்.
"படகு எதற்கு?"
எடுத்தேன்.
அவர் வைத்த தலைப்பு 'ஆடு தின்றது'.
அவள் வைத்தது 'மூடிய கரை'.

பின்னட்டைக்கு அவர் அனுப்பிய படத்தில்
கையில் ஒரு பெரிய மீன், முகமெல்லாம் பல்.
வெயிலுக்குக் கண்ணை இடுக்கியிருந்தார்.
மீனை வெட்டினோம். வாயையும் வெட்டினோம்.
மிஞ்சிய கண்கள்
எதையோ தாங்கிக்கொண்டிருந்தன.

புத்தகம் வந்தது. நாடு அழுதது.
திபிலீசியிலிருந்து ஒரு விமர்சகர் எழுதினார்:
சோளமாவில் புரட்டி, வாலோடு வால் சேர்த்து
வட்டமாய் அடுக்கிய நெத்திலிகள்
ஒரே கொட்டடியில் அடைபட்ட மனிதர்களாம்.
ஆடு தின்றது தீர்ப்பு நகலாம்.
குதாயிசியில் ஒரு அம்மாள்,
மாமியார் பேசும் இடமெல்லாம்
விசாரணை அதிகாரியின் பூட்ஸ் சத்தம் கேட்கிறது என்றாள்.
நானும் திருப்பிப் படித்துப் பார்த்தேன்.
ஆடு வந்தது.
சிரிப்பு வரவில்லை.
மரியாதை முந்திக்கொண்டு வாயைப் பொத்தியது.

எதற்காக உள்ளே போனார் என்று யாரும் கேட்கவில்லை.
நான் கேட்டேன், நூலகக் கூட்டத்துக்கு முன்,
படிக்கட்டில் அவர் சிகரெட்டை மிதித்து அணைக்கையில்.
"டீசல் திருடினேன்" என்றார் ஜும்பெர் ஷைனிட்ஸே.
"கூட்டுப்பண்ணை டீசல். கொஞ்சநஞ்சமல்ல.
படகு ஓட வேண்டாமா?"

மேடையில் நெத்திலி பொரிக்கும் பக்கத்தை எடுத்தார்.
அவர் தெருவில் வாசித்தால்
விழுந்து விழுந்து சிரிப்பார்களாம்.
மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை.
'மூடியைத் திறக்காதே, பொறு,
உள்ளே இருப்பது வேகட்டும்' என்ற வரியில்
நின்றார்.
புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தார்.
திறந்தார். அதே வரி,
இந்த முறை மெதுவாக,
குரலில் எங்கிருந்தோ ஒரு துரு.
பழையது ஞாபகம் வந்ததா,
நாங்கள் சொல்லிக்கொடுத்ததா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
கைதட்டல் ஓய நேரமாயிற்று.

வெளியே வந்ததும் கேட்டார்:
"நீ வரைந்தது மழைதானே?"
பெய்துகொண்டிருந்தது.
ஆமாம் என்றேன்.
"எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது."

சனிக்கிழமை காலை வாசல் கைப்பிடியில் ஒரு பை.
ஒரு கிலோ நெத்திலி,
அவருக்குக் கொடுத்த பத்துப் பிரதிகளில்
ஏதோ ஒன்றின் மேலுறையில் சுற்றி.
ஈரத்தில் தாள் நெளிந்து
என் கோடுகள் வளைந்திருந்தன.
பிரித்தேன்.
எல்லாம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.
என்னையறியாமல் எண்ணத் தொடங்கிவிட்டேன்,
மாலையில் வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவதுபோல.
பதினேழில் விழித்துக்கொண்டு
சீ என்று மாவில் புரட்டினேன்.
வாலோடு வால், வட்டமாய், புத்தகத்தில் உள்ளபடி.
மூடினேன்.
எண்ணெய் பேசத் தொடங்கியது.
என்ன சொல்கிறதென்று குனிந்து கேட்டேன்,
திறக்கவில்லை.